கடல் பக்கத்துத் தராசு

“…அதெல்லாம் இரிக்கட்டும் மகன், நீ எந்தத் தராசில நிறுத்துப் பாத்த?” என்று ஹனீபா மாமா தொலைபேசியில் கேட்டார்.

அப்போது கட்டுநாயக்க விமான நிலையத்தின் வெளி மண்டபத்தில், வயிறு கிழித்த பாரை மீன்களைப் போல நாலு பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. நடுவில் நான் குந்தியிருந்தேன். மடியில் என் மனைவி ஹசீனாவின் தையல் மெஷின். ஒரு கையில் உம்மா கட்டித்தந்த இரண்டு கிலோ உப்பு. தொலைபேசியைப் பிடிக்கக் கை போதாமல் அதை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மடத்தனங்களில் அது இரண்டாவது. முதலாவதை, அதற்கு முந்திய நாளே வெற்றிகரமாகச் செய்து முடித்திருந்தேன்.

சண்டை முடிந்து, வழியில் இருந்த சோதனைச் சாவடிகளை எல்லாம் கழற்றி எடுத்திருந்த காலம் அது. கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த எனக்கும் ஹசீனாவுக்கும் கனடா போக விசா கிடைத்தது. விசா கிடைத்த மறுநாளே எனக்கு ஞானமும் கிடைத்துவிட்டது. (விசாவோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள் போல.) ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ. ஒரு முழு வீட்டை நாலு பெட்டிக்குள் அடக்கும் கலையில் கற்பிட்டியிலேயே என்னை விட்டால் ஆளில்லை என்ற முடிவுக்கு நானே வந்து, நானே அதை ஊருக்கும் அறிவித்தேன்.

“ஒரு வருஷமாத் தொடாத சாமான், தேவையில்லாத சாமான்” என்றேன் உம்மாவிடம்.

உம்மா கருவாட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். “அப்ப உன்ட புத்திய இங்கயே வெச்சிட்டுப் போ மகன். பாரம் கொறயும்.”

இப்படி ஊக்கம் கொடுக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான்.

அலுமாரி ராத்தா வீட்டுக்குப் போனது. கதிரைகள் பள்ளிவாசலுக்குப் போயின. கலியாணத்துக்கு வந்த பன்னிரண்டு சுவர் மணிக்கூடுகளும், யார் தந்தார்களோ அவர்கள் வீட்டுக்கே தவறுதலாகத் திரும்பிப் போயின. (ஒரு மாமி இன்னும் என்னோடு கதைப்பதில்லை.) எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகும் மூன்று சாமான்கள் அசையாமல் நின்றன.

முதலாவது உப்பு. உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்த ஒருவன் கனடாக் கடையில் காசு கொடுத்து உப்பு வாங்கினால் குடும்பத்துக்கு இழுக்காம். “தண்ணி மாறினாலும் உப்பு மாறப்படாது” என்பது உம்மாவின் கட்சி. இரண்டாவது, நட்டுக் கழற்றுகிற என் சாவிச் செட். சைக்கிள் கடைக்காரன் சாவி இல்லாமல் போனால் அவனை எவன் மதிப்பான்? பனி நாட்டில் எவன் சைக்கிள் ஓடுவான் என்று ஹசீனா கேட்டாள். அது பொறாமைக் கேள்வி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது, அவளுடைய தையல் மெஷினின் தலை. காலையும் பலகையையும் கழற்றித் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டாள். தலையை மட்டும் குழந்தையைப் போல சீலையில் சுற்றி வைத்திருந்தாள். கலியாணத்துக்கு முன்னமே தைத்துத் தைத்து அவளாக வாங்கிய மெஷின் அது. கனடாவில் எனக்கு வேலை கிடைக்கும் வரை எங்கள் இருவரையும் காப்பாற்றப் போவதும் அதுதான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். (எனக்கு வேலை கிடைப்பதைப் பற்றி அவளுக்கு இருந்த நம்பிக்கையை இதிலிருந்து நீங்களே விளங்கிக்கொள்ளலாம்.)

“மெஷின் ஏறாட்டி நானும் ஏறமாட்டன்” என்றாள்.

“ஏறும். அதுக்கு நான் பொறுப்பு” என்றேன். பொறுப்பு என்ற சொல்லை அதற்குப் பிறகு என்னை யாரும் பாவிக்க விடவில்லை.

இனிப் பெட்டிகளை நிறுக்க வேண்டும். வீட்டில் தராசு இல்லை. ஹனீபா மாமா உம்மாவின் தம்பி, மீன் முதலாளி. கண்டக்குழிப் படகுகளில் வரும் மீனை வாங்கி, கொழும்பு லொறிக்கு விற்பவர். “வாடியில தராசு தொங்குது தானே, கொண்டு போய் நிறு” என்று வாயில் வெற்றிலையோடு சொன்னார். முகம் பார்த்துச் சொல்லவில்லை. லொறி வருகிற நாளில் மாமா யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

மாமாவின் மீன் வாடி கடற்கரையில் ஒரு நீளக் கொட்டகை, அதற்கு இரண்டு வாசல். ரோட்டுப் பக்கத்து வாசலில் ஒரு தராசு, கடல் பக்கத்து வாசலில் ஒரு தராசு. இரண்டும் மணிக்கூடு மாதிரி வட்ட முகமும் கீழே கொக்கியும் உள்ள தொங்கு தராசுகள். ஒரே நிறம், ஒரே அளவு, இரட்டைப் பிள்ளைகள். மாமாவின் வாடியில் நான் ஒரு நாளும் வேலை செய்தவனல்ல. ஒரே வாடிக்கு ஏன் இரண்டு தராசு என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அறிவு இருந்திருந்தால், நான் ஏன் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்?

முதல் பெட்டியை ரோட்டுப் பக்கத்தில் கொழுவினேன். முள் முப்பதில் போய் நின்றது. எனக்கு வேர்த்தது. மெஷினை எடுப்பதா, உப்பை எடுப்பதா என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே லொறி வந்து ஹோன் அடித்தது. “தள்ளுங்க தள்ளுங்க” என்றார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு கடல் பக்கம் போய் அதே பெட்டியைக் கொழுவினேன்.

இருபத்து மூன்று. முள் அதற்கு மேல் அசையவே இல்லை.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்தினேன்.

“அப்ப அது ஏன் முப்பது காட்டின?” என்று கேட்டாள் ஹசீனா.

“அது ரோட்டுப் புழுதியில துருப்பிடிச்ச தராசு, புள்ள. இதுதான் சரியான தராசு” என்றேன். மனிதன் தனக்குப் பிடித்த எண்ணைச் சொல்கிற தராசைத்தான் நம்புகிறான். மற்ற மூன்று பெட்டிகளையும் அங்கேயே நிறுத்து, ஒவ்வொன்றிலும் முள் இருபத்து மூன்றைத் தொடும் வரை கருவாடு திணித்தேன்.

மறுநாள் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மாமா வரவில்லை, இன்னொரு லொறி. அவருக்குப் பதிலாக வந்ததைப் போல முன் சீட்டில் சூசை அண்ணன் இருந்தார். எங்கள் பக்கத்தில் பேர்போன மீனவர். இருபது வருஷமாகத் தன் படகில் பிடிக்கிற மீனை எல்லாம் மாமாவுக்கே கொடுப்பவர். என் கடையின் பழைய வாடிக்கையாளரும்கூட.

கவுண்டரில் இருந்த பிள்ளை முதல் பெட்டியைப் பார்த்தாள். “இருபத்தேழு.” இரண்டாவதைப் பார்த்தாள். “இருபத்தேழு.” மூன்றாவதும் நாலாவதும் மூத்த பெட்டிகளின் வழியையே பின்பற்றின. மேலதிகப் பாரத்துக்கு அவள் சொன்ன தொகைக்குக் கண்டக்குழியில் ஒரு வள்ளம் வாங்கலாம். குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று மரியாதையாக வெளியே அனுப்பினாள்.

அப்படித்தான் நான் வெளி மண்டபத் தரையில், வேன் நிறைய ஆட்கள் சுற்றி நிற்க, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு மாமாவை அழைத்தேன். “மாமா, உங்கட தராசில சரியா இருபத்தி மூண்டு. இங்க பெட்டிக்கு நாலு கிலோ கூடக் காட்டுது!”

மாமா கொதித்தார். “அநியாயம்! பாவப்பட்ட சனத்த ஏமாத்துறாங்க! தராசில கை வெக்கிறவன் உருப்படுவானா மகன்? அல்லாஹ் கேக்கமாட்டானா?”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சூசை அண்ணன்தான் அதிகமாக ஆட்டினார்.

பிறகு மாமாவுக்கு என்னவோ உறைத்தது. குரல் இறங்கியது. “…அதெல்லாம் இரிக்கட்டும் மகன், நீ எந்தத் தராசில நிறுத்துப் பாத்த?”

“கடல் பக்கத்துத் தராசில மாமா.”

“அட மடையா! அது வாங்கிற தராசில்லியா!”

சுற்றி ஆடிக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. யாரோ ஒருவருடைய விமானத்தை அறிவித்தார்கள். அது என்னுடையதாக இருக்கக்கூடாதா என்று துஆச் செய்தேன்.

சூசை அண்ணன் மெதுவாகக் குனிந்து, தரையில் கிடந்த தொலைபேசிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டு போனார்.

“முதலாளி, நான் சூசை கதைக்கிறன்.”

லைன் வெட்டுப்பட்டது.

“இருபது வருஷம்” என்றார் அவர். கோபப்படவில்லை. “எல்லா நாளும் கடல்தான் வஞ்சகம் செய்யுது எண்டு நினைச்சுப் போட்டன் தம்பி.” பிறகு ஹசீனாவைப் பார்த்தார். “தங்கச்சி, அந்த மெஷின மட்டும் உள்ளுக்க ஒருக்கா நிறுத்துத் தாறியா?”

அவள் போய் நிறுத்துக்கொண்டு வந்தாள். பதினொரு கிலோ. சூசை அண்ணன் யாரிடமோ பேனை வாங்கி, மெஷினின் அடியில் கொட்டை எழுத்தில் ‘11’ என்று எழுதினார். எதற்கு என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

குறைக்க வேண்டிய பாரம் பதினாறு கிலோ. உப்பும் என் சாவிச் செட்டும் சேர்ந்து ஐந்து. மீதிப் பதினொன்றுக்குக் கருவாட்டைக் கொட்டியிருக்கலாம். ஆனால் அது நாலு பெட்டியிலும் மூலை முடுக்கெல்லாம் திணிக்கப்பட்டிருந்தது, நேரமோ இல்லை. ஹசீனா மெஷினைச் சீலையில் சுற்றி, சூசை அண்ணனின் கையில் கொடுத்தாள். பாதுகாப்பு வாசல் வரைக்கும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மெஷின் ஏறாட்டி ஏறமாட்டன் எண்டியே?” என்று நான் வாயைக் கொடுத்தேன்.

“யோசிச்சன். உங்கள எறக்கினா எழுபது கிலோ கொறயும், மெஷினும் வரும். டிக்கெட்டுல உங்கட பேர் எழுதிட்டாங்க, என்ன செய்ய?”

கனடாவில் அவள் முதல் இரண்டு வருஷமும் ஒரு கடையில் அடுத்தவளின் மெஷினில் தைத்தாள். அதை இங்கே பகிடியாக எழுத எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொந்தமாக மூன்று மெஷின் வைத்திருக்கிறாள். இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், என் பிள்ளைகள் கூட நிமிராமல் கேட்பது ஒரே கேள்விதான்: “வாப்பா, எந்தத் தராசில?”

மாமா என்ன செய்தார் என்று உம்மா அடுத்த வாரம் அழைத்துச் சொன்னார். வேன் திரும்பியதும் சூசை அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வாடிக்குப் போய், படகுக்காரர் எல்லோரும் பார்க்க, ஹசீனாவின் மெஷினைக் கடல் பக்கத்துத் தராசில் கொழுவினாராம். ஒன்பதரைக்குக் கொஞ்சம் கீழே. எல்லோரும் மெஷினின் அடியில் இருந்த ‘11’ஐக் குனிந்து பார்த்தார்கள். மாமா எழும்பினார். நான் விட்டுப்போன சாவிச் செட்டைப் பிரித்து, பொருத்தமான சாவியைத் தேடி எடுத்து, தராசின் முதுகைக் கழற்றி, முள் பதினொன்றில் வந்து நிற்கும் வரை உள்ளே என்னவோ திருகினார். மெஷின் அந்தக் கொக்கிக்குப் பக்கத்திலேயே ஒரு பலகையில் தங்கிவிட்டது. சந்தேகம் வந்தால் எவரும் தூக்கிக் கொழுவிப் பார்க்கலாம்.

“அப்ப மத்தத் தராசு, முதலாளி?” என்று கேட்டாராம் சூசை அண்ணன்.

“அது லொறிக்காரன்ட பாடு. வேணுமெண்டா அவனும் ஒரு மெஷின் கொண்டு வரட்டும்” என்ற மாமா, ரோட்டுப் பக்கம் போய், அந்தத் தராசின் முகத்தைத் தன் சாரத்தின் நுனியால் பளிச்சென்று துடைத்துவிட்டாராம்.