ஆச்சா?

"இருபத்தொரு நாள்," என்றேன், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு. தூக்கிப் பிடித்த மற்றக் காலின் சாக்ஸிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "இன்னையோட சேர்த்து இருபத்தொரு நாள். அதுக்குள்ள இது வெளியே போய்ப் பழகணும். இருபத்தொண்ணாம் நாள் தரை ஈரமா இருந்தா வந்த இடத்துக்கே திருப்பிக் கொடுத்துடணும்."

மனைவி குட்டியைப் பார்த்தாள். குட்டி என் சாக்ஸைப் பார்த்தது.

முந்தின நாள் மாலைதான் அது வீட்டுக்கு வந்திருந்தது. பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று இன்னும் முடிவு செய்யவில்லை. மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர் வீட்டு நாய் ஆறு குட்டி போட்டிருந்தது, அதில் ஒன்று. என்னைக் கேட்காமல் கொண்டுவந்தாள் என்று சொல்ல முடியாது. கேட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டே "ம்" என்றேன். இருபத்தாறு வருடத்தில் இந்த "ம்" எனக்குச் செய்திருக்கும் துரோகங்களைத் தனிப் புத்தகமாக எழுதலாம்.

அதென்ன கணக்கு இருபத்தொன்று என்று கேட்டாள். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டாள்.

சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் தைப்பார்கள், நான் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ஒரு பொத்தானுக்கு எத்தனை நொடி, ஒரு சட்டைப்பைக்கு எத்தனை நொடி என்று எழுதுவேன். அங்கே எனக்கு 'நொடி' என்று பெயர். மரியாதைக்காக 'நொடி சார்'. நான் பக்கத்தில் நின்றால் வேலை நொடித்துப் போகிறது என்பதும் அதில் அடக்கம் என்று பின்னால்தான் தெரிந்தது. சட்டைப்பை தைக்கப் புதிதாக வருகிறவர் முழு வேகத்துக்கு வர இருபத்தொரு வேலைநாள் ஆகும். பதினெட்டு வருடமாக இது மாறவில்லை. சட்டைப்பை தைப்பதைவிட வெளியே போய்விட்டு வருவது சுலபம். ஆகவே என் கெடு தாராளமானது என்று விளக்கினேன்.

அவள் தொழில் வேறு மாதிரி. விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்களையும், ஒரு பக்கம் விளங்காமல் போனவர்களையும் திரும்ப நடக்க வைப்பவள். எத்தனை நாளாகும் என்று அவர்கள் கேட்பார்கள். எழுந்திருங்க, பார்க்கலாம் என்பாள். அவள் வாயிலிருந்து ஓர் எண்ணை வரவழைக்க யாராலும் முடிந்ததில்லை.

"சரி," என்றாள்.

நான் வாதத்துக்குத் தயாராக இன்னும் நான்கு குறிப்புகள் வைத்திருந்தேன்.

"சரிங்கறேன். இருபத்தொரு நாள். ஆனா எனக்கு இந்த நாள் கணக்கெல்லாம் வராது. கணக்கு தெரிஞ்சவங்கதான பழக்கணும்? நீங்களே பழக்குங்க."

துடைக்கும் துணியை என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அந்த மூன்று வாரமும் நான் வீட்டில்தான் இருக்கப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சாலையின் கால அட்டவணையைத் திருத்தி எழுதும் வேலையை வீட்டிலிருந்தே செய்வேன். நான் ஜெயித்துவிட்ட நினைப்பில் தரையைத் துடைத்தேன். பாதி துடைத்த பிறகுதான் என் நிலைமை புரிந்தது. குட்டி பழகாவிட்டால் அது போய்விடும். என் கணக்கு தப்பு என்றாகும். பழகினால் என் கணக்கு சரி, அது இருந்துவிடும். பதினெட்டு வருடத் தொழிலா, ஈரமில்லாத சாக்ஸா என்று யோசித்தேன். தொழில் பக்கம்தான் சாய்ந்தேன். எந்த முட்டாளும் அப்படித்தான் சாய்வான்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே சுவரோரம் கொஞ்சம் மண் தரை. அது மோந்து பார்க்கும். எறும்பைப் பின்தொடரும். காற்றடித்தால் காற்றைப் பார்த்துக் குரைக்கும். வந்த காரியம் மட்டும் அதற்கு நினைவிருக்காது. அது சிறுநீர் போகும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே போகும் என்று எங்கோ படித்திருந்தேன். எந்தச் சொல் என்று நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. தூறலில் ஒரு நாய்க்குட்டிக்குக் காவல் நிற்கிறவன் வாயில் எது வருமோ அது வந்தது.

"ஆச்சா? ... ஆச்சா?"

நான்காம் நாள் அதிசயம் நடந்தது. நான் "ஆச்சா?" என்றதும் குட்டி எறும்பை விட்டுவிட்டுக் குந்தியது. முடித்துவிட்டு, நிமிர்ந்த காதோடு என்னைப் பார்த்தது. தட்டிக்கொடுத்தேன். மறுமுறை அளந்தேன். சொல்லுக்கும் செயலுக்கும் இடையில் ஏழு நொடி. தொழிற்சாலையில் யாரும் என் சொல்லுக்கு ஏழு நொடியில் எதுவும் செய்ததில்லை.

மாலையில் மனைவியைக் கூப்பிட்டு நிற்கவைத்துச் செய்துகாட்டினேன். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பார்த்தாள்.

"இந்த வார்த்தைதான் வேணுமா?" என்றாள்.

ஆரம்பித்த பயிற்சியை நடுவில் மாற்றக் கூடாது என்றேன். அவள் உள்ளே போனாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாளிலிருந்து வீடு மிதந்தது. குளியலறை வாசலில், சாப்பாட்டு மேஜைக்கடியில், கண்ணாடி பீரோ முன்னால், டெலிபோன் பக்கத்தில். ஆறு நாளில் பதினொரு தடவை. வெளியே போய்விட்டு வந்து இரண்டு நிமிடத்தில்கூட நடந்தது. ஒவ்வொரு தடவையும் குட்டி தப்பு செய்த முகத்தோடு ஒளிந்துகொள்ளவில்லை. அங்கேயே உட்கார்ந்து தட்டிக்கொடுப்பதற்காகக் காத்திருந்தது.

அவள் எனக்குத் தெரியாமல் அதற்குக் கூடுதலாகத் தண்ணீர் வைக்கிறாளோ என்று சந்தேகப்பட்டேன். கேட்கவும் செய்தேன். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எத்தனை நொடி என்று அளக்கவில்லை.

அட்டவணை போட்டேன். இடம், நேரம், அதற்கு முன் நடந்தது என்ன என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தியை நிரப்பும்போது பேனா நின்றது. குளியலறை வாசல்: நான் உள்ளே இருந்தேன், அவள் கதவைத் தட்டி "ஆச்சா?" என்றாள். கண்ணாடி பீரோ: அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள், நான் "ஆச்சா?" என்றேன். சாப்பாட்டு மேஜை: தட்டை எடுக்கலாமா என்பதற்கு அவள் "ஆச்சா?" டெலிபோன்: வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் ஆறு மாதமான எங்கள் மகளிடம் அவள், "சாப்பாடு ஆச்சா?"

பதினொன்றும் அதேதான். காதில் விழுந்த ஒரு தடவையைக்கூடக் குட்டி தவறவிடவில்லை. சொன்னதைச் சொன்ன இடத்தில் செய்திருக்கிறது.

அட்டவணையோடு சமையலறைக்குப் போனேன்.

"உனக்கு அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கே கேட்டேன்ல?"

"கேட்டா போதுமா? நீ அந்த வார்த்தையை நிறுத்தியிருக்கலாம்ல?"

"நான் நிறுத்தறது இருக்கட்டும். நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றீங்கன்னு எண்ணிப் பாருங்க. எண்ணுறதுதான உங்க வேலை?"

அடுத்த நாள் ஞாயிறு. இருவரும் வீட்டில் இருந்தோம். குட்டியைப் பின்பக்கத்தில் விட்டுக் கதவைச் சாத்தினேன். எண்ணினேன். அவள் இருபத்துமூன்று. நான் முப்பத்தொன்று. அன்று முழுக்க நாங்கள் ஒருவருக்கொருவர் பேசியது மொத்தம் எழுபது வாக்கியம்தான். அதில் ஐம்பத்துநான்கு இந்த ஒரே சொல். மீதியில் ஐந்து குட்டியைப் பற்றி, மூன்று கேஸ் அடுப்பைப் பற்றி. மகள் இருந்தபோது இவ்வளவு குறைவாகவா பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். அப்போது எண்ணவில்லை. பென்சிலை மேஜையில் வைத்தேன். இந்த எண்ணை அவளிடம் காட்டவில்லை.

அந்தச் சொல்லை வீட்டுக்குள் தடை செய்தோம். பின்பக்கத்து மண் தரையில் மட்டும் அனுமதி. முதல் இரண்டு நாள் ஊமைகள் போல் இருந்தோம். அவள் குளியலறைக் கதவைத் தட்டிவிட்டு நிற்பாள். உள்ளேயிருந்து நான் இருமுவேன். பிறகு வேறு வழியில்லாமல் முழு வாக்கியங்கள் வந்தன. முழு வாக்கியத்துக்கு முழு பதில் தேவைப்பட்டது. சட்டை மாற்றிட்டீங்களா என்று கேட்டால் ஆமாம் என்பதோடு நிற்க முடியவில்லை. எந்தச் சட்டை என்று பேச்சு போனது. ஒரு மாலை அவள் வந்ததும், வழக்கமாக வேலை ஆச்சா என்று கேட்கும் இடத்தில், இன்னைக்கு என்ன எழுதினீங்க என்றாள். சட்டைக் கை பொருத்துவதில் ஏன் நாலு நொடி அதிகமாகிறது என்று அவளுக்கு இருபது நிமிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பதிலுக்கு நான் அவளைக் கேட்டேன். விழுந்து காலை முறித்துக்கொண்ட ஒரு பஸ் கண்டக்டர் எழுந்து நிற்கிறாராம், அடி மட்டும் எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாராம். கடைசியில் அவள் "போலாம், ரைட்" என்று சொன்ன பிறகுதான் காலைத் தூக்கினாராம். நாங்கள் இருவரும் சிரித்த சத்தத்தில் குட்டி எழுந்து வந்து பார்த்தது.

பதின்மூன்றாம் நாளிலிருந்து தரை காய்ந்திருந்தது. அட்டவணையின் ஓரத்தில் நாளுக்கு ஒரு கட்டம் போட்டு டிக் அடித்துவந்தேன். நான் எழுதும்போது குட்டி என் பாதத்தின் மேல் மோவாயை வைத்துத் தூங்கும். அதை எழுப்பாமல் உட்கார்ந்திருந்தால் கால் மரத்துப்போக பத்தொன்பது நிமிடம் ஆகிறது. இது எந்த அட்டவணைக்கும் தேவையில்லாத தகவல். ஆனாலும் ஐந்து தடவை சோதித்துப் பார்த்தேன்.

இருபதாம் நாள் மாலை, நாளைக்கு ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பட்டும் படாமலும் அவளிடம் கேட்டேன். "நீங்க வெச்ச கெடுதானே," என்றாள். "சொன்ன சொல் மாறக் கூடாது. டிரைவர் வந்து கூட்டிட்டுப் போவாரு." சட்டைப்பைக்குச் சில சமயம் இருபத்துமூன்று நாள்கூட ஆவதுண்டு என்று சொல்லிப் பார்த்தேன். பதினெட்டு வருஷமா மாறலன்னீங்களே என்றாள்.

இருபத்தொன்றாம் நாள் மனைவிக்கு விடுமுறை. காலை பத்து மணி வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன், குட்டி காலடியில். தொழிற்சாலையிலிருந்து என் உதவியாளர் பேசினார். அட்டவணையின் கடைசிப் பக்கத்தை அவர் அனுப்ப வேண்டும். நான் வேறு நினைப்பில் இருந்தேன்.

"அந்தப் பக்கம் ஆச்சா?" என்றேன்.

அவர் இன்னும் ஆகவில்லை என்றார். மேஜைக்கடியில் ஆகிவிட்டது.

குனிந்து பார்த்தேன். குட்டி உட்கார்ந்து, நிமிர்ந்த காதோடு என்னையே பார்த்தது. அதன் மேல் என்ன குற்றம்? தொழிற்சாலையாக இருந்தால் 'மேற்பார்வையாளர் தவறு' என்று எழுதி அந்த வரிசையை அடித்திருப்பேன். முதலில் தட்டிக்கொடுத்தேன். துணி சமையலறையில் இருந்தது. சமையலறையில் அவள் இருந்தாள். அதே நொடியில் வாசல் மணி அடித்தது. "டிரைவர் வந்திருக்காரு," என்று அவள் குரல் கொடுத்தாள்.

சட்டையைக் கழற்றினேன். துடைத்தேன். பதினாறு நொடி. தரை துடைப்பதில் அதற்குக் கீழே யாரும் போக முடியாது.

டிரைவர் உள்ளே வரும்போது நான் பனியனோடு மேஜையை மறைத்து நின்றேன். சுருட்டிய சட்டை கையில். அவர் குடையை மடக்கி மூலையில் சாய்த்தார்.

"வேர்க்குதா சார்?"

"ஆமா."

அவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். பெரிய மனிதர், மேற்கொண்டு கேட்கவில்லை. குட்டி எப்படி என்றார்.

"நல்லாப் பழகிடுச்சு. முழுசா. இனிமே இடம் மாத்தினா அதுக்குத்தான் குழப்பம்."

"இடம் எதுக்கு சார் மாத்தணும்?"

"நீங்க திருப்பிக் கூட்டிட்டுப் போறதா..."

"நானா? வீட்டுல ஏற்கெனவே மூணு நிக்குது சார். இன்னொண்ணைத் தூக்கிட்டுப் போனா, அதோட சேர்த்து என்னையும் வெளிய கட்டிடுவாங்க." கையிலிருந்த காகிதப் பையை நீட்டினார். "இதைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

பிரித்தேன். கழுத்துப்பட்டை. வளர்ந்த நாய்க்கானது. குட்டியை அதற்குள் முழுசாக நுழைத்து வெளியே எடுக்கலாம்.

"இவ்வளவு பெருசா?"

"அக்காதான் சார், வளர்ந்தப்புறம் போடற மாதிரி பார்த்து வாங்குங்கன்னாங்க. கடையில இல்ல. சொல்லிவெச்சு நேத்துதான் வந்துச்சு."

"எப்பச் சொன்னா?"

டிரைவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "குட்டியைத் தூக்கிட்டு வந்தாங்கல்ல சார், அன்னைக்குச் சாயங்காலம்."

அதாவது, நான் ஒற்றைக் காலில் நின்று கெடு வைப்பதற்கு முந்தின நாள்.

அவர் டீ குடித்துவிட்டு, குட்டியின் மடிந்த காதைத் தடவிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இன்று கடைசி நாள் இல்லையா, தரை எப்படி என்று கேட்டாள்.

"காஞ்சிருக்கு," என்றேன். துடைத்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சந்தேகமில்லை.

அவள் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, என் அட்டவணையில் இருபத்தொன்றாவது கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். குனிந்து குட்டியை ஒரு கையில் அள்ளிக்கொண்டாள். மறு கையால் என்னிடமிருந்து சட்டையை வாங்கிக்கொண்டு போய், வாளியில் போட்டு, குழாயைத் திறந்தாள்.