பிரவுணிக்கு நான் வைத்த நேர்த்தி

சாமியிடம் எதையாவது கேட்பதென்றால் வாய்க்குள்ளே கேட்க வேண்டும். நாலு பேர் காதில் விழும்படி கேட்டுத் தொலைத்தால் பின்வாங்க வழியில்லை. சாமி விட்டாலும் அந்த நாலு பேர் விடமாட்டார்கள்.

எங்கள் நாய் பிரவுணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, ஈறெல்லாம் வெளுத்துப்போனது. அன்றைக்கே பிள்ளையார் கோயிலில் நின்று அறிவித்தேன் (வேண்டிக்கொண்டேன் என்று சொல்லத்தான் ஆசை): "இவன் எழுந்து நடக்கிற வரைக்கும் என் வாசப்படிக்குள்ள கவுச்சி வராது."

மறுநாள் கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு, மிருக வைத்தியரிடம் தூக்கிப்போனோம். சேலைன் ஏற்றினார்கள். டாக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னாள்: இரத்தம் குறைந்துவிட்டது, மருந்து மட்டும் போதாது, கோழி ஈரலை அவித்து ஊட்ட வேண்டும், சாப்பிடாவிட்டால் பிழைக்கமாட்டான்.

எல்லாம் தெரிந்தவளாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பூசணிக்காய் அவித்தேன்.

மருமகள் சாந்தி, "நேர்த்தி உங்களுக்குத்தானே அத்தே, நாய்க்கு எதுக்கு?" என்றாள்.

"வீட்டுக்குன்னு சொல்லியாச்சு. அவனும் வீட்டுலதான இருக்கான்."

பூசணிக்காய்ச் சோறு, பால்சோறு, கோயில் பொங்கல் என்று மாற்றி மாற்றி ஊட்டினேன். பிரவுணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வாயைப் பிளந்து வைத்தால் நாக்கால் தள்ளினான். பக்தியில்லாத நாய் என்று திட்டினேன். தூக்கினால் வெறும் சாக்கைப் போல இருந்தான். பயந்துதான் போனேன். ஆனால் ஊரறியச் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்புறம் பார்த்தால் அதிசயம். வாலாட்டினான். ஈறு சிவந்தது. தள்ளாடித் தள்ளாடி நடந்தான். பக்கத்து வீட்டு ரஹீமாவிடம் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, பிள்ளையாரின் சக்தியையும் என் நேர்த்தியின் சுத்தத்தையும் விளக்கினேன். அவள் வெங்காயம் உரித்தபடி, "நல்லதுக்கா" என்றாள். (சிரிப்பை மறைக்க வெங்காயம் உதவியிருக்கும்.)

அடுத்த முறை டாக்டரிடம், சாந்தியையும் கூட்டிக்கொண்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன், பாராட்டு வாங்க.

அவள் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "ஈரல் நல்லாக் குடுத்திருக்கீங்க அம்மா" என்றாள்.

"ஈரலா? பூசணிக்காயும் பிள்ளையாரும்தான் டாக்டர்." காத்திருந்தவர்களும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

த்ரீவீலில் குலுங்கி வந்த பிரவுணி, அந்த நேரம் பார்த்து என் மடியில் வாந்தியெடுத்தான். பட்டுச்சேலை முழுக்க ஈரல், துண்டு துண்டாக.

டாக்டர் குனிந்து பார்த்தாள். "பூசணிக்காய் காணோமே அம்மா."

திரும்பி வரும்போது சாந்தி எல்லாவற்றையும் கக்கினாள் (அன்றைக்கு எல்லோருக்கும் அதே வேலை). நான் கோயிலுக்குப் போன நேரமெல்லாம், அவள் பிரவுணியை வாசப்படிக்கு வெளியே தூக்கிப்போய் மதிலடியில் கிடத்தியிருக்கிறாள். ரஹீமா ஈரலை அவித்து, தேங்காய்ச் சிரட்டையில் போட்டு மதில்மேல் வைத்திருக்கிறாள். சாந்தி அதை எடுத்து ஊட்டியிருக்கிறாள். படிக்குள் கவுச்சி வரவில்லையாம், நேர்த்தி பத்திரமாம்.

அதே சேலையோடு ரஹீமாவிடம் சண்டைக்குப் போனேன். அவள் அசரவில்லை.

"உங்க நேர்த்திக்கு ஈரல் ஆகாது. எங்களுக்கு நாய் எச்சி பட்டா ஏழு தரம் கழுவணும். அதுக்காக ரெண்டு பேரும் கையக் கட்டிக்கிட்டு, அவன் சாகிறதப் பாத்துக்கிட்டு நிக்கிறதாக்கா?"

சண்டைக்குப் போன இடத்தில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

இப்போதும் பேத்தி பாஸானதற்கோ மகனுக்கு வேலையில் உயர்வு கிடைத்ததற்கோ என் விரதம்தான் காரணம் என்று ஆரம்பித்தால், மகன், "மதிலடியில ஒருக்காப் பாத்துட்டு வந்து சொல்லுங்கம்மா" என்கிறான்.

அவனையாவது அதட்டி அடக்கிவிடலாம். நான் திருநீறோடு, கையில் பொங்கலோடு வாசலுக்குள் நுழைந்தால், பிரவுணி என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பான். பிறகு நிதானமாக எழுந்து, மதிலடியில் போய் உட்கார்ந்துகொள்வான்.