பின்னால் போகத் தெரியாத ஆப்

எந்தக் கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான் என்று நம்புகிறவனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது பாவம். அந்தப் பாவத்தை மூலக்குளத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி செய்தது. வேலைக்குச் சேர்ந்த அந்த மேதை நான்.

நேரு வீதியில் இன்வெர்ட்டர் கடை வைத்திருந்த கனி பாய் ஓர் ஆப் கேட்டிருந்தார். இன்வெர்ட்டர் மக்கர் பண்ணினால் ஆப்பே கேள்வி கேட்டு, கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவருக்கு அது பிடித்தால் என் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் வீடு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கேள்விகளை எப்படி இணைப்பது என்பதில்தான் சண்டை. என்னைப் போலவே வேலை நிரந்தரமாகாமல் இருந்த ஜெசிந்தா, எந்தக் கேள்வியிலிருந்தும் எந்தக் கேள்விக்கும் போகிற மாதிரி வலையாகப் பின்னச் சொன்னாள். "ஜனங்க பதில மாத்தி மாத்திச் சொல்லுவாங்க. திரும்பிப் போக வழி வையி." நான் சிரித்தேன். (அப்போதெல்லாம் நான் இங்கிலீஷில் சிரிப்பேன்.) போர்டில் ஒரு மரம் வரைந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கிளை. இறங்கலாம், ஏற முடியாது. பதிலை மாற்றுகிற ஆளுக்கு என் ஆப்பைத் தொடவே தகுதியில்லை என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். தூ, எனக்கே இப்போது எரிகிறது.

கடையில் காட்டப் போன அன்று கரண்ட் போயிருந்தது. நல்ல சகுனம் என்று வேறு நினைத்தேன். ஆப் கேட்டது: மின்சாரம் இருக்கிறதா? பாய் 'இல்லை'யை அழுத்தினார். அழுத்திய கையை எடுப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

"வந்துடுச்சே தம்பி. பின்னால எப்பிடிப் போறது?"

"போவ முடியாது பாய். அப்பிடியே அடுத்த கேள்விக்குப் போங்க," என்றேன், ஏதோ பெரிய வசதியைச் சொல்வதுபோல.

அடுத்த கேள்வி: பேட்டரி விளக்கு எரிகிறதா? கரண்ட் இல்லாதபோது மட்டும் எரிகிற விளக்கு அது; கரண்ட் வந்ததும் அணைந்திருந்தது. பாய் பார்த்துவிட்டு 'இல்லை' என்றார். ஆப்புக்குச் சந்தேகமே இல்லை: பேட்டரி செத்துவிட்டது, புதியது வாங்கவும்.

அன்று காலையில்தான் பாய் அந்தப் பேட்டரியைப் பெட்டி பிரித்து மாட்டியிருந்தார். "என் கடைல உக்காந்து எனக்கே பேட்டரி விக்கிறியா?" என்றார். வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

ஜெசிந்தாதான் வேறு ஆப் எழுதினாள். அவள் வேலை நிரந்தரமானது. அந்த ஆப் தயாராகும்வரை என்னை வீட்டுக்கு அனுப்பாமலிருக்க முதலாளி ஒரு நிபந்தனை போட்டார்: பாய் கடையில் உட்கார்ந்து, புகார் சொல்லுகிறவர்களிடம் நானே போனில் கேள்வி கேட்க வேண்டும். ஆப் எழுதப் போனவன் ஆப்பாகவே ஆனேன். எனக்கு வேண்டியதுதான்.

அதன் பலன் இன்றும் வீட்டில் ஓடுகிறது. எது ரிப்பேரானாலும் என் மனைவி பக்கத்து அறையிலிருந்து என் செல்லுக்குப் போன் செய்து, "சர்வீஸ் சென்டருங்களா?" என்பாள். நானும் விட்டுக்கொடுக்காமல் என்ன கோளாறு என்று கேட்பேன்.

"ஃபேனுதாங்க ஓடல. அத சொன்னா வூட்டுக்காரரு எழுந்தே வர மாட்டேங்கிறாரு. மொதல்ல அவர சரி பண்ணிக் குடுங்க."