கேள்வி பதினேழுக்கு இரண்டாவது விடை

செவிலிமேடு,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி சந்தோஷ்குமாருக்கு அண்ணன் முனிரத்தினம் எழுதுவது. நானும் உன் அண்ணி ரேணுகாம்பாளும் நலம். சென்னையில் நீயும் துர்காதேவியும் குழந்தை அபியும் நலமாக இருக்க அம்மன் பார்த்துக்கொள்வாள். கையில் போன் இருக்கும்போது லெட்டர் எதுக்கு என்பாய். சில விஷயத்துக்கு வாய் வரமாட்டேன் என்கிறது, அதுதான். செவ்வாய்க்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன், அதை மனதில் வைக்காதே.

நம் டிரைவிங் ஸ்கூலுக்கு எதிர் வீட்டுக் கிறிஸ்டோபரை உனக்குத் தெரியும். பார்வையில்லாதவர், அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். தினம் காலை ஒன்பதரைக்கு வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாக ரோட்டைத் தாண்டி வந்து நம் வாசலில் டவுன் பஸ் ஏறுவார். செவ்வாய்க்கிழமை எவனோ ஒரு கார்க்காரன் அந்தக் கோல்மேல் ஏற்றி மூன்று துண்டாக்கிவிட்டான். நல்லவேளை, ஆளுக்கு ஒரு கீறல் இல்லை, ஆனால் கார் நிற்கவே இல்லையாம். இந்த ஊரில் மாடு படுத்தால் நிற்கிறான், கருட சேவை என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான், கட்சிக்காரன் வந்தால் கும்பிட்டுக்கொண்டே நிற்கிறான், கண் தெரியாத மனுஷனுக்கு மட்டும் எவனுக்கும் பிரேக் பிடிக்காது. மறுநாள் அவரை ஸ்கூலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "அந்தப் பாவியை விடமாட்டேன்" என்று குதித்தேன். அவர் டீயை நிதானமாகக் குடித்துவிட்டு, "விடுங்க சார். உங்க வண்டில ஃபேன் பெல்ட்டு கத்திக்கினே இருக்குது, மாத்திடுங்க" என்கிறார். நான் எதைப் பேசினால் இவர் எதைப் பேசுகிறார், பார்.

இப்போது கோலுக்குப் பதில் ஒரு கறுப்புக் குடையைத் தட்டிக்கொண்டு வருகிறார். வெள்ளைக் கோலைக் கண்டால் வண்டியை நிறுத்தணும், சட்டம் அப்படி. குடைக்கு அந்த மரியாதை கிடையாது, யாரோ வெயிலுக்குக் குடை எடுத்து வந்த ஆள் என்று ஹாரன் அடிக்கிறார்கள். இருபது வருஷம் யார் தயவும் இல்லாமல் வேலைக்குப் போன மனுஷன், மூன்று நாளாக யார் கையாவது கிடைக்குமா என்று ரோட்டோரம் நிற்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை. நேற்று நானே நடு ரோட்டில் இறங்கிக் கையை நீட்டி நின்றுவிட்டேன். டவுன் பஸ் மூக்கு என் வயிற்றில் வந்து முட்டுகிற மாதிரி நின்றது. டிரைவர் யார் தெரியுமா, நம்மிடம் படித்த கந்தன்.

"இன்னா சார், நடு ரோட்ல நின்னுக்கினு கீறீங்க. டைமிங் போவுது."

"எல்.எல்.ஆர். பரீட்சைக்கு சொல்லிக் குடுத்தனே, ஞாபகம் இருக்குதாடா? கேள்வி பதினேழு."

"ரெண்டாவது விடை சார்" என்றான், டக்கென்று.

"ரெண்டாவது விடைன்னா இன்னா?"

தலையைச் சொறிந்தான். "அது தெரியாது சார். பதினேழுன்னா ரெண்டு, பதினெட்டுன்னா மூணு. நீங்க அப்படித்தான சொல்லிக் குடுத்தீங்க."

அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். வெள்ளைக் கோல் தெரிந்தால் வண்டியை நிறுத்து என்பதுதான் அந்த இரண்டாவது விடை. நூற்றுக்கு நூறு பாஸ் என்று போர்டு மாட்டினேனே தவிர, ஒருத்தனையாவது நிறுத்திப் பழக்கினேனா? கிறிஸ்டோபரை உரசிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவர்கள்.

அதனால் ஒரு காரியம் செய். அங்கே மடக்குகிற வெள்ளைக் கோல் கிடைக்கும். அவர் உயரமான ஆள், நெஞ்சு உயரத்துக்கு வருகிறதாகப் பார்த்து வாங்கி ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா. அந்தக் கார்க்காரன் மட்டும் கிடைக்கட்டும், லைசென்ஸைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுபேச்சு. துர்காதேவியைக் கேட்டதாகச் சொல். அபிக்கு என் முத்தங்கள். எல்லோரும் நூறு வயசு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
முனிரத்தினம்

பி.கு.: அண்ணி படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள், இனி எழுதலாம். அந்தக் கார் நம் எல் போர்டு கார்தான். பக்கத்தில் மாணவன் யாரும் இல்லை, ஓட்டியது நான். காதில் இருந்தது உன் போன். "என்னண்ணா சத்தம்?" என்று நீ கேட்டாய், "ஒண்ணுமில்ல, பள்ளம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோலை அவர் கையில் கொடுக்கும்போது நானே சொல்லிவிடுகிறேன், நீ பக்கத்தில் மட்டும் நில். ஃபேன் பெல்ட்டை அதுவரை மாற்றுவதாக இல்லை. நான் வருவதாவது அவருக்குக் கேட்கட்டும்.