“நல்லா இருக்கறவங்க” லிஸ்டில் காசியம்மாள்

மதிப்பிற்குரிய பேராசிரியர் சந்திரமோகன் அய்யா அவர்களுக்கு,

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தங்கள் மாணவி வெண்மதியின் அப்பாவைப் பெற்ற ஆயா ராமக்காள் எழுதும் கடிதம். இவ்விடம் எல்லோரும் சுகம். தாங்களும், ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் தங்கள் மெஷினும் சுகமா.

ஆடி ஏழு, புதன்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், வெண்மதி, ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் நிர்மலாதேவி, என் மகன் முருகேஷ், என் நாத்தனார் காசியம்மாள்.

டெங்கு வந்தால் குறையுமே பிளேட்லெட், அதைத் தனியாகப் பிரித்து, அது எதைத் தின்று உயிர்வாழ்கிறது, சர்க்கரை வந்தவர்களுக்கு ஏன் சீக்கிரம் உறைந்து அடைப்பு உண்டாகிறது என்று வெண்மதி பார்க்கிறாள், அதற்குச் சர்க்கரை இல்லாத கிழவிகளும் வேண்டுமாம், என்னைச் சர்க்கரை லிஸ்டில் எழுதினாள், சரி, காசியம்மாளை “நல்லா இருக்கறவங்க” லிஸ்டில் எழுதினாள், அதுதான் வினை. முருகேஷின் காதுகுத்தில் என் பாயசத்தில் முந்திரியைத் தேடிப் பந்தியையே சிரிக்க வைத்தவள் இவள். நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. “அண்ணி, நீங்க சர்க்கரை லிஸ்ட்டு, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க” என்றாள் நர்ஸ் முன்னால்.

இப்போது தாங்கள் ஒட்டவைக்கும் மருந்து விட்டும் காசியம்மாளின் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டாமல் சும்மா மிதந்ததாம். வெண்மதிக்கு ரத்தத்தைக் கொண்டுவரத் தெரியவில்லை, ஆராய்ச்சியை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்றீர்களாம். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அய்யா, ரத்தத்தைத் தங்கள் லேபுக்குக் கொண்டுவந்த காரில் நானும் இருந்தேன். ஐஸில் வைக்கக் கூடாது, குலுங்கக் கூடாது என்று டியூப்பை மடியில் வைத்துக்கொண்டு, “அப்பா, ஸ்பீடு பிரேக்கரு, ஸ்பீடு பிரேக்கரு” என்று தருமபுரி வரை கத்திக்கொண்டே வந்தாள். செங்கல் டிராக்டர் எங்களை முந்திப் போனது. முருகேஷ், “மானம் போவுது கண்ணு, தெரிஞ்சவன் வண்டி அது” என்றான்.

நடந்தது வேறு. வலி மாத்திரை தின்றால் பிளேட்லெட் ஒட்டாது, பத்து நாளைக்கு யாரும் தொடாதீர்கள் என்று வெண்மதி முன்பே சொல்லியிருந்தாள். அன்று காலை காசியம்மாள் ஒன்றை விழுங்கினாள். என் கண்ணால் பார்த்தேன். பேத்தி அழுதுகொண்டு வந்து கேட்டபோது, “நாந்தான் சாமி, முட்டி வலின்னு கடையில வாங்கி வெச்சிருந்தேன்” என்று அவளே ஒத்துக்கொண்டாள். வெண்மதியோ அத்தைப் பாட்டியைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று தங்களிடம் வாயைத் திறக்கவில்லை. ஆகவே நான் திறக்கிறேன். காசியம்மாளை லிஸ்டிலிருந்து அடித்துவிட்டு வெண்மதியை வைத்துக்கொள்ளவும்.

தங்கள் வீட்டார் எல்லோருக்கும் ரத்தம் உறைய வேண்டிய இடத்தில் உறைந்து, ஓட வேண்டிய இடத்தில் ஓடட்டும்.

இப்படிக்கு,
ராமக்காள்

பின்குறிப்பு: கடையில் வாங்கியது என்பது பொய். மாத்திரை என்னுடையது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள், நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு இரக்கம் வந்தது, டப்பாவைத் திறந்து நானே கொடுத்தேன். முந்திரி மறக்காத எனக்குப் பேத்தி சொன்னது அந்த நேரம் மறந்துபோனது. வீடே கூடி நின்று கேட்டும் அவள் என் பேரைச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. இனிமேல் அவளிடம் நான் எப்படிச் சண்டை போடுவது. எல்லாரையும் மன்னித்துவிட்டேன், தங்களையும் சேர்த்து. நான் மன்னிக்க மாட்டாத ஒரே ஆள் காசியம்மாள்.