ஒரு கை தூரப் பயிற்சி

இதுவரை கடல் கடந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு துணிச்சலில் கிளம்பிப் போனவர்கள். முறைப்படி படித்துவிட்டுப் போன முதல் மனிதப் பிறவி பூச்சிதான்.

வாயில்லாப் பூச்சி என்பது வீட்டில் கொடுத்த பட்டம், சுருக்கமாகப் பூச்சி. வேதியியல் படித்தவள். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் வேலை கிடைத்ததும், அந்நாட்டின் 'பண்பாடும் சவால்களும்' தொடர்பான ஆயத்தப் பணிகளைப் போர்க்கால அடிப்படையில் தொடங்கினாள்.

குளிர் ஒரு சவால். படித்த கல்லூரியின் ஆய்வகக் குளிரறையில் குப்பிகளோடு ஒரு குப்பியாக நின்று பழகினாள். அடுத்தது தனிமை. ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றி, வெற்றிகரமாக முடித்தாள்.

"கவனிச்சீங்களா? ஒரு வாரமா நான் பேசவே இல்ல."

"முன்னாடியே சொல்லியிருந்தா கவனிச்சிருப்போம்டி," என்றாள் அம்மா.

பெரிய சவால் இனிமேல்தான். அங்கே யாரோடு பேசினாலும் ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். தொடக் கூடாது. கை குலுக்கலாம், சுருக்கமாக. பயிற்சிக்கு 'மாதிரி வெளிநாட்டவராக' அப்பா நியமிக்கப்பட்டார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

"இன்னும் தள்ளி நில்லுங்கப்பா."

"இந்த இடைவெளியில மூணு பேரை ஏத்தியிருப்பேன்மா."

"தோள்ல கை போடாதீங்க."

"பழக்கதோஷம். நீ போற ஊர்ல எல்லாருக்கும் சீட் கிடைச்சிடுது போல."

கஷ்டப்பட்டுத்தான் என்றாலும், அப்பா தேறிவிட்டார்.

விமான நிலையத்தில் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெட்டியின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அப்பா கையை விரித்துக்கொண்டு வேகமாக வந்தார். சட்டென்று நின்றார். கண்ணாலேயே அளந்து, அரை அடி பின்வாங்கி, ஒரு கையை மட்டும் நீட்டினார். பூச்சி குலுக்கினாள். சுருக்கமாக. விதிகளின்படி யாரும் குறை சொல்ல முடியாத வழியனுப்பு விழா.

போய் இறங்கினாள். தடுப்புக் கம்பிக்கு அப்பால் அந்த ஒரு கை தூரத்துக்காரர்கள் கூட்டமாகக் காத்திருந்தார்கள். பூச்சிக்கு முன்னால் போன பெண்ணை நரைத்த தாடிக்காரர் ஒருவர் தோள்பையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவரை அவள் அந்த ஊர் மொழியில் 'அப்பா' என்று கூப்பிட்டாள். மொழிப் பாடத்தில் முதலில் வந்த சொல், பூச்சிக்குப் புரிந்தது. தூரமெல்லாம் அந்நியர்களுக்கு மட்டும்தானாம். அது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

போன் அடித்தது.

"போய்ச் சேந்துட்டியாம்மா? எல்லாம் நீ படிச்ச மாதிரியே இருக்கா?"

"இருக்குப்பா."

"நான் சரியான தூரத்துலதானே நின்னேன்?"

"சரியாத்தான்பா நின்னீங்க."

பூச்சி தன் கையாலேயே தயாரித்த முதல் அந்நியர், மறுமுனையில் பெருமையாகச் சிரித்தார்.