ராக்கெட் அண்ணாச்சியின் வேற்றுக்கிரக வெள்ளாமை

சொந்தக் காட்டில் விதைக்கலாமா வேண்டாமா என்று தவித்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஆயிரம் பேர் உண்டு. வேற்றுக்கிரகத்தில் விதைத்தார்களா இல்லையா என்று தவித்த ஒரே ஆள் ராக்கெட் அண்ணாச்சிதான்.

பந்தல்குடிக்கு மேற்கே அவருக்கு ஐந்து ஏக்கர் கரிசல். அறுபது தாண்டிய வயதிலும், சாயங்காலமானால் ரோட்டோர டீக்கடைக்கு விண்வெளிக் கார்ட்டூன் பார்க்க வந்துவிடுவார். ரிமோட் அவர் மடியில் இருக்கும். பாட்டுப் போடச் சொல்லும் லாரி டிரைவர்களை அவர் பார்க்கிற பார்வையில், தூத்துக்குடி லோடு அரை மணி முன்னதாகவே கிளம்பிவிடும். ராக்கெட் என்ற பெயர் அங்கே விழுந்ததுதான்.

அந்தத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதியவன் நான். இலக்கியத்துக்கு வந்தவன் கார்ட்டூனுக்கு எப்படிப் போனான் என்று யாரும் கேட்டதில்லை. நான் இலக்கியத்துக்கு வந்ததே யாருக்கும் தெரியாது. ஒருநாள் டீக்கடையில் பெருமைக்கு வாயை விட்டேன். அண்ணாச்சி எழுந்து நின்றார். பாராட்டப் போகிறார் என்று நானும் எழுந்தேன்.

"அந்த ராக்கெட்டுக் கேப்டன் பயலுக்கு வெவசாயம் தெரியலைன்னு நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா தம்பி?"

அன்றிலிருந்து அந்த விண்கலத்தில் நடக்கும் தப்புகளுக்கெல்லாம் நானே பொறுப்பாளி ஆனேன். "கப்பல்ல எட்டுப் பேரு இருக்காக, ஒருத்தரும் சோறு திங்கக் காணோமே?" என்று போன் வரும். நியாயமான கேள்விதான்.

பிறகு அந்த எபிசோடு வந்தது. வறண்ட சிவப்புக் கிரகம். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பெட்டி விதை. வானத்தில் துண்டு மேகம். விதைப்பதா, கிளம்புவதா? கேப்டன் கை நிறைய விதையை அள்ளிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறான். 'தொடரும்' என்று போட்டார்கள். தொடரவில்லை. சேனல் அதோடு நிறுத்திவிட்டது.

வேறு மாதமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அது புரட்டாசி. எங்கள் மானாவாரிக் காடுகளில் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். முந்தின இரண்டு வருஷமும் அண்ணாச்சிக்கு வெள்ளாமை கருகிப்போயிருந்தது. இன்னொரு தடவை விதைப்பதா, காட்டை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவதா? மக்காச்சோள விதை மூட்டை பிரிக்காமல் கிடந்தது. அவர் மனைவி எனக்குப் போன் போட்டார்.

"ஊரே விதைச்சு முடிச்சிருச்சு தம்பி. இவுக மட்டும் அந்தக் கெரகத்துல என்ன ஆச்சுன்னு தெரியட்டும்னு உக்காந்திருக்காக. வந்து ஒரு முடிவச் சொல்லிட்டுப் போங்க."

நான் எழுதிய முடிவுகள் எதையும் எந்தப் பத்திரிகையும் நம்பியதில்லை. இருந்தாலும் போனேன்.

"அண்ணாச்சி, அடுத்த எபிசோடு எனக்கு வந்துச்சு. மேகத்தைப் பாத்ததும் கேப்டன் வெதையை மேலாக்கத் தூவினான். மறுநாளே மழை. எல்லாம் மொளைச்சிருச்சு."

"மேலாக்கத் தூவினானா?"

"ஆமா."

"ஏலே!" தம்பி என்ற மரியாதை போய்விட்டது. "துண்டு மேகம் பெய்யிறது ஏமாத்து மழைடா. மேலாக்கக் கெடந்தா அந்தச் சாரலுக்கே மொளைச்சு, மூணாம் நாள் வெயில்ல செத்துப்போகும். ஆழத்துல போட்டாத்தான், நல்ல மழை எறங்குற வரைக்கும் வெதை தூங்கும். கடேசிப் பொட்டி வெதையை எவனாவது மேலாக்கத் தூவுவானா? பொய்தான சொல்ற?"

"பொய்தான் அண்ணாச்சி. அவன் என்ன செஞ்சான்னு எனக்கே தெரியாது."

விதை மூட்டையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"போன வருசம் நான் மேலாக்கத்தான் போட்டேன்," என்றார். "மேகத்தைப் பாத்ததும் அவசரப்பட்டுட்டேன்."

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்: "இந்தா புள்ள, டிராக்டருக்குப் போனப் போடு! கலப்பைக் கொழுவை நல்லா ஆழமா எறக்கி ஓட்டணும்னு சொல்லு!"

பத்து நாளில் ஒரு சாரல் விழுந்தது. அங்கங்கே காடுகளில் பச்சை தெரிந்தது. அண்ணாச்சி காடு மொட்டையாகவே கிடந்தது. "ராக்கெட்டு இன்னும் கெளம்பலையா அண்ணாச்சி?" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். ஒரே வாரத்தில் அந்தப் பச்சை வாடியது. அண்ணாச்சி திரும்பிக் கேலி செய்யவில்லை. மிச்சமிருந்த விதையைத் தூக்கிக்கொண்டு போய், கேலி செய்தவர்களிடமே மறுபடி விதைக்கக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஐப்பசியில் மழை இறங்கியது. இரண்டு நாள் விடாத மழை. அடுத்த வாரம் மத்தியானம் போன் வந்தது.

"தம்பி, அந்தக் கார்ட்டூன் கம்பெனிக்காரவுககிட்டச் சொல்லி, கேப்டனுக்கு ஒரு சேதி அனுப்ப முடியுமா?"

"என்னன்னு அண்ணாச்சி?"

"காடு பூரா மொளைச்சிருச்சுன்னு."

கேப்டன் என்ன சொல்லியிருப்பானோ தெரியாது. அவனுக்கு வசனம் எழுதுகிற நான், நின்றுபோன எபிசோடுக்கு அடுத்த வரியாக அதையே எழுதி வைத்தேன்.